உறைந்த மண்ணும் நமது கண்டற் சேறும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இவ்விழாவிலே பேசுவதற்கு எம்மை அழைத்த குழுவினர், "மண்ணைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லுங்கள், காலநிலை மாறுகிறது என்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள். வடதுருவத்தை அடுத்த நாடுகளிலே உறைந்து கிடக்கும் மண்ணைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நாம் சொன்னதும், குழுவில் ஒரு தம்பி, "ஐயா, திருகோணமலை வெயிலில் தார் வீதியே இளகுகிறது, பனி மண்ணைப் பற்றிச் சொன்னால் சனம் எழுந்து போய்விடும்" என்றார். போகமாட்டார்கள் என்றே நம்புகிறோம். தேநீர் இந்தப் பேச்சு முடிந்த பின்னர்தான் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. விழா முடிந்ததும் இன்றிரவு சங்கத்தின் பொதுக்கூட்டம் நடைபெறவிருக்கிறது. அதிலே களப்போரத்துக் காணியைப் பற்றிய ஒரு பிரேரணை வரவிருப்பதை அங்கத்தவர்கள் அறிவீர்கள். நாம் சொல்லப்போகும் வடதுருவக் கதை அந்தக் காணியிலேதான் வந்து முடியும். ஆகையால் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறோம்.

ஒரு கிணறு வெட்டிய கதையோடு தொடங்குவோம். 1828ஆம் ஆண்டிலே, சைபீரியாவின் யாக்குட்ஸ்க் என்னும் பட்டினத்தில், ஷெர்கின் என்ற வணிகக் கம்பனி ஊழியர் ஒருவர் தண்ணீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். நம் பக்கத்திலே பத்துப் பதினைந்து முழம் வெட்டியும் ஊற்றுக் காணாவிட்டால் இடத்தை மாற்றிவிடுவோம். அந்த மனிதரோ விடவில்லை. வெட்ட வெட்ட மண் கல்லாக உறைந்திருந்தது. இந்த உறைவு எங்கேயாவது முடியத்தானே வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகள் வெட்டினார். 1837இல் வேலையை நிறுத்தியபோது கிணறு 116 மீற்றர் ஆழம். நமது கணக்கில் ஏறக்குறைய 250 முழம். அடியிலும் உறைந்த மண்ணே இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து மிடென்டோர்ஃப் என்னும் அறிஞர் அங்கே வந்து, அந்தக் கிணற்றுக்குள்ளே ஆழத்துக்கு ஆழம் வெப்பமானி வைத்து அளந்தார். மண்ணுக்குள் நிலையாக உறைந்த பகுதி எவ்வளவு ஆழம் போகிறது என்று உலகம் அறிந்துகொண்டது அந்தப் பாழுங் கிணற்றினாலேதான்.

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ச்சியாகப் பூச்சியப் பாகைக்கு மேலே வராத மண்ணை நிலையுறை மண் என்று நாம் இங்கே சொல்லிக்கொள்வோம். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா முதலிய இடங்களிலே இது பரந்து கிடக்கின்றது. கோடையிலே மேலே ஒரு முழம், இரண்டு முழம் இளகும். அந்த மெல்லிய போர்வையிலேதான் பாசியும் புல்லும் சிறு பற்றைகளும் வேர்விடும். கீழே உள்ளது இளகாது.

இதில் நமக்கென்ன? கேளுங்கள். செடி வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கித் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. செத்து விழுந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, வாங்கிய காபனைத் திரும்பவும் காற்றுக்கே கொடுத்துவிடுகின்றன. நம் வளவில் விழுந்த முருங்கையிலை ஒரு மாரி தாண்டாது, உக்கி மறைந்துவிடும். உறைந்த நாட்டில் அப்படியில்லை. மீன்வாடியிலே ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்த மீனைப்போல, செத்த வேரும் இலையும் உக்காமலே கிடக்கின்றன. எவ்வளவு காலம்? 2012இல் ருஷ்ய விஞ்ஞானிகள் சைபீரிய உறைமண்ணில் அணில் புதைத்து வைத்திருந்த ஒரு பூஞ்செடியின் காயை எடுத்து, அதன் இழையத்திலிருந்து செடி முளைப்பித்து, பூக்கவும் வைத்தார்கள். அந்தக் காயின் வயது ஏறக்குறைய 32,000 ஆண்டுகள். மனிதன் நெல் விதைக்கத் தொடங்குமுன்னர் அணில் ஒளித்து வைத்த காய்!

இப்படி ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த காபன் ஏறக்குறைய ஒன்றரை இலட்சங்கோடி தொன் என்று கணித்திருக்கிறார்கள். இந்தத் தொகை வாயில் நுழையலாம், மனத்தில் நுழையாது. ஆகவே நமக்குத் தெரிந்த ஒரு படியால் அளப்போம். சீனக்குடாவிலே வெள்ளைக்காரர் கட்டிய எண்ணெய்க் குதங்களை எல்லோரும் கண்டிருப்பீர்கள். 1942ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒன்று எரிந்தழிந்தது. இப்போது 99 நிற்பதாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். எல்லாவற்றையும் வாய் மட்டும் நிரப்பினாலும் பத்து இலட்சம் தொன் எண்ணெய்தான். அத்தகைய குதத் தொகுதிகள் பதினைந்து இலட்சத்தை வரிசையாக நிறுத்தினால், வடக்கே மண்ணுக்குள் உறைந்திருக்கும் காபனுக்கு ஒருவாறு ஈடாகும். உலகத்தின் காற்று முழுவதிலும் இன்று இருக்கும் காபன் ஏறக்குறைய 90,000 கோடி தொன். உறைமண்ணில் உள்ளது அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

அந்தப் பெட்டியின் ஐஸ் இப்பொழுது இளகிக்கொண்டிருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கோடி தொன் காபனைக் காற்றில் சேர்க்கிறான். அதனால் உலகம் வெப்பமேறுகிறது. வடதுருவப் பகுதியோ 1979இலிருந்து பார்த்தால் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமேறியிருக்கிறது. மண் இளகினால் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும். காற்றோட்டமான மண்ணில் அவை காபனீரொட்சைட்டை விடும். நீர் தேங்கிய மண்ணில் மெதேனை விடும். மெதேன், இருபது ஆண்டுக் கணக்கிலே பார்த்தால், நிறைக்கு நிறை காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. வெப்பத்தால் இளகல், இளகலால் வாயு, வாயுவால் மேலும் வெப்பம். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது இது.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் மற்றப் பக்கமும் உண்டு. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெப்பம் கூடினால் செடிகளும் செழிக்கும். குளிரினால் விரற்கடை உயரத்துக்கு மேல் எழாத பற்றைகள் இப்போது ஆளுயரம் வளர்கின்றன. இளகிய மண்ணிலிருந்து நைதரசன் கிடைக்கிறது, அது பசளை. வளருங் காலமும் நீளுகிறது. ஆகவே, மண் காற்றுக்குக் கொடுப்பதைச் செடி திரும்ப வாங்கிவிடுமா? முழுவதையும் வாங்குமா, பாதியை வாங்குமா? உறைமண் ஆராய்ச்சியாளர்கள் இத்தனை ஆண்டுகளாக மல்லாடிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியோடுதான்.

இதற்கு விடை காண அவர்கள் கணனியிலே மாதிரிகள் அமைக்கிறார்கள். மாதிரி என்றதும் இளைஞர்கள் ஏதோ பொம்மை என்று நினைக்கக்கூடாது. போகம் தொடங்குமுன் கந்தளாய், தம்பலகாமத்து விவசாயிகள் கூட்டம் கூடுகிறார்களே, அங்கே நடப்பதும் ஒரு மாதிரிதான். குளத்திலே இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது. இத்தனை நாளைக்கு வெயில். ஏக்கருக்கு இவ்வளவு வேண்டும். ஆகவே இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று, வராத நாளைக்கு வந்ததுபோலக் கணக்குப் போடுகிறார்கள். சுவீடன் தேசத்து அறீனியசு என்பவர் 1896இலே, காற்றில் காபனீரொட்சைட்டு இரட்டித்தால் உலகம் எத்தனை பாகை வெப்பமேறும் என்று கையாலே கணக்கிட்டு வெளியிட்டார். அந்தப் பரம்பரையில் வந்தவைதான் இன்றைய மாதிரிகளும்.

உறைமண் மாதிரியிலே நிலத்தைச் சதுரஞ் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் மண்ணைத் தட்டுத் தட்டாக வெட்டி வைக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, பனிக்கட்டி எவ்வளவு, காபன் எவ்வளவு என்று பேரேடு உண்டு. மேலே எந்த இனச் செடி, எவ்வளவு உயரம், எத்தனை இலை என்று இன்னொரு பேரேடு. வெயிலும் மழையும் உள்ளே விடப்படும். செடி வளரும், இலை விழும், உக்கும், உறையும், இளகும். இப்படி நூறு, இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கணக்கு ஓடும்.

கேட்க இலகுவாக இருக்கிறது. கஷ்டம் எங்கேயென்றால், செடியும் மண்ணும் இரண்டு தனித்தனிக் கணக்குகளாக இருக்க மறுக்கின்றன. பற்றை ஒன்று உயர வளர்ந்தால் கோடையிலே மண்ணுக்கு நிழல் கொடுக்கும். மண் குளிரும், நல்லது. அதே பற்றை மாரியிலே காற்றில் பறக்கும் பனித்தூவியைத் தடுத்துத் தன் காலடியில் குவித்துக்கொள்ளும். பனித்தூவி குளிர்ந்த பொருள்தான், ஆனாலும் கம்பளியைப்போல அடியிலுள்ள சூட்டை வெளியே விடாது. மாரியிலே நன்றாக உறைய வேண்டிய மண் சரியாக உறையாமற் போய்விடும். ஒரே செடி கோடையில் காவற்காரன், மாரியில் கள்வன்! பாசியோ இரு காலத்திலும் காவல்தான். தடித்த பாசிப் படுக்கை கோடை வெப்பத்தைக் கீழே இறங்கவிடாது. காட்டுத்தீ வந்து பாசியை எரித்துவிட்டால் மண் அம்மணமாய் நிற்கும். அங்கே செழிக்கும் பச்சையைப் பார்த்து நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லிவிட முடியாது. அது மண்ணுக்கு என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். எமது அபிப்பிராயத்தில் இந்த ஆராய்ச்சி முழுவதிலும் மனத்திற் பதிக்கவேண்டியது இதுதான்.

கணக்கின் முடிவு என்ன? 2018இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்து மக்குவயர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஐந்து மாதிரிகளை 2299ஆம் ஆண்டு வரைக்கும் ஓட்டிய முடிவை வெளியிட்டார்கள். இரண்டு விதமான எதிர்காலங்களை எடுத்துக்கொண்டார்கள். மனிதர் எரிப்பதை ஓரளவு அடக்கிக்கொள்வது ஒன்று. அடக்காமல் எரித்துத் தள்ளுவது மற்றது. அடக்கிக்கொண்ட உலகிலே மண்ணின் காபன், ஒரு மாதிரியின்படி 6,600 கோடி தொன் குறைகிறது. இன்னொன்றின்படி 7,000 கோடி தொன் கூடுகிறது. செடிகள் வாங்கிக்கொள்வதையும் சேர்த்தால் ஐந்து மாதிரிகளிலும் மொத்தத்தில் வரவே மிஞ்சுகிறது. அடக்காத உலகிலோ மண் இழப்பது 7,400 கோடி தொன் முதல் 65,200 கோடி தொன் வரை. செடி எவ்வளவு வளர்ந்தாலும், ஐந்தில் நான்கு மாதிரிகளிலே அந்த இழப்பை ஈடுசெய்ய முடியவில்லை. இன்னுமொன்று: பெரிய நட்டம் 2100ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான் தெரியவரும் என்று அந்த மாதிரிகள் காட்டுகின்றன. நாம் இருக்கமாட்டோம். இங்கே முன்னால் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

"ஏழாயிரத்துக்கும் அறுபத்தையாயிரத்துக்கும் இடையிலே என்றால் அது ஒரு கணக்கா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மண்ணை எவ்வளவு ஆழத்துக்கு எண்ணுவது, நைதரசன் செடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பவற்றில் மாதிரிக்கு மாதிரி வித்தியாசம். ஆனால் தொகையிலே முரண்பட்ட மாதிரிகள், அடக்காத உலகில் மண் நட்டப்படும் என்பதில் ஐந்துக்கு ஐந்து ஒத்துப்போகின்றன. ஐந்து வைத்தியர்கள் காய்ச்சலின் அளவைப் பற்றி வாதாடினாலும் காய்ச்சல் இல்லையென்று ஒருவரும் சொல்லாவிட்டால் நாம் என்ன செய்வோம்?

இந்த மாதிரிகளிலே ஒரு பெருங் குறையும் உண்டு. அவை மண் மேலிருந்து கீழாக, ஆண்டுக்குச் சிறிது சிறிதாக இளகுவதாகவே எண்ணுகின்றன. நம் மாவட்டத்தார்க்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீருக்கு அணைக்கட்டு நிற்கும் என்ற நம்பிக்கையிலே எல்லோரும் கணக்குப் போட்டு விதைத்தார்கள். 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆந் திகதி விடியுமுன்னே கட்டு உடைத்துக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எந்தப் போகக் கணக்கிலும் அந்த இரவு இருக்கவில்லை. அவ்வாறே உறைமண்ணின் உள்ளே கட்டிகட்டியாகப் பனிக்கட்டி இருக்கும் இடங்களில், அது உருகியதும் நிலம் திடீரென்று இடிந்து குழியாகிக் குளமாகிவிடுகிறது; நூறாண்டில் இளக வேண்டிய ஆழம் சில ஆண்டுகளில் திறந்துகொள்ளும். உறைமண் பரப்பிலே ஐந்திலொரு பங்குக்கும் குறைந்த இடத்திலேதான் இப்படி நடக்கக்கூடும். ஆனால் உறைந்த காபனிலே ஏறக்குறைய பாதி அதனாற் பாதிக்கப்படலாம் என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன.

இனி நமது கரைக்கு வருவோம்.

இங்கே உறைபனி இல்லை. ஆனால் உக்காத மண் இருக்கிறது. கிண்ணியாப் பக்கம், தம்பலகாமக் குடா, உப்பாறு, மூதூர்ப் பக்கம், வடக்கே கொக்கிளாய்க் களப்பு என்று கண்டலும் கண்ணாவும் தில்லையும் நிற்கும் இடங்களிலே வற்றுப் பெருக்கு நேரத்தில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும்: கால் முழங்கால் வரை புதையும், கூழ்முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் ஒரு சாட்சி. சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை என்பதை அது சொல்கிறது. ஒட்சிசன் இல்லாதபடியால் வேரும் இலையும் மிக மெதுவாகத்தான் உக்குகின்றன. வடக்கே குளிர் பூட்டி வைத்ததை இங்கே தண்ணீர் பூட்டி வைத்திருக்கிறது. கடல்நீரிலே சல்பேற்று இருப்பதால், உப்புச் சேற்றிலே மெதேனும் நன்னீர்ச் சதுப்பிற்போல் அதிகம் உண்டாவதில்லை. அந்த வகையில் நமது பெட்டகம் அவர்களுடையதைவிடத் திறமானது.

2011இல் வெளியான ஓர் ஆய்விலே இந்து, பசிபிக் சமுத்திரக் கரைகளில் 25 கண்டற் காடுகளை அளந்து பார்த்தார்கள். சராசரி, ஹெக்டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 தொன் காபன். நமது ஏக்கர்க் கணக்கில் 400 தொன். அதிலே பாதி தொடக்கம் ஏறத்தாழ முழுவதும் இருந்தது மரத்தில் அல்ல, மரத்தின் கீழேயுள்ள சேற்றில்! வடக்கைப் போலவே இங்கும் கண்ணுக்குத் தெரியும் பச்சை சிறு பங்கு. பெரும் பங்கு காலடியில். நமது வரண்ட கரையில் மரங்கள் குட்டை. ஈரவலயத்துப் பெருங்காடுகளின் கணக்கை நமதென்று எழுதிக்கொள்ளக் கூடாது. நமது கணக்கை நாமே எடுக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னர்.

தில்லையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பால் கண்ணிற்பட்டாற் கண் கெடும் என்று நமது தாய்மார் பிள்ளைகளை வெருட்டுவார்கள், உண்மைதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும் இந்த மரத்தாலேதான். பிச்சாவரத்துக் கண்டற் காடு இன்றும் அவ்வூருக்கு அருகே நிற்கிறது. விறகுக்கும் உதவாத சனியன் என்று நாம் வெட்டுகிற மரம் ஒரு தலத்தின் விருட்சம் என்பதை மறவாதிருந்தாற் போதும்.

வடக்கின் பூட்டைத் திறக்க முழு உலகமும் சேர்ந்து பல காலம் எரிக்க வேண்டும். நமது பூட்டைத் திறக்க ஒரு மண்வெட்டி போதும்; கூடிப்போனால் ஒரு பெக்கோ இயந்திரம், ஒரு பகல். சேற்றை வெட்டி வெயிலிற் போட்டால் ஒட்சிசன் நுழைகிறது. நூற்றாண்டுகளாகக் கிடந்தது உக்கத் தொடங்குகிறது. அத்துடன் சேற்றிலுள்ள கந்தகக் கூட்டுகள் அமிலமாக மாறி மண்ணையும் கெடுத்துவிடும். 1980களிலே புத்தளம், சிலாபம் பக்கங்களில் கண்டலை அழித்து இறாற் குளங்கள் வெட்டினார்கள். நோய் வந்தது, இறால் செத்தது, எத்தனையோ குளங்கள் கைவிடப்பட்டன. கண்டலும் இல்லை, இறாலும் இல்லை, வெறும் பள்ளங்கள்.

பிறரைச் சொல்வானேன்? நாமும் இந்தப் பாவத்தைச் செய்தவர்களே. பல ஆண்டுகளுக்கு முன்னர், வாலிப மிடுக்கிலே, களப்போரத்துக் கண்டற்றுண்டு ஒன்றை வெட்டி நிரப்பிக் கரப்பந்தாட்ட மைதானம் அமைக்கச் சிரமதானம் செய்தோம். சனி, ஞாயிறு என்று மூன்று கிழமை. சேற்றை அள்ளி வரம்பாகக் குவித்தோம்; உள்ளே செம்மண் கொட்டினோம். நமது நெஞ்சளவு உயர்ந்து நின்ற வரம்பு இரண்டு மாரியிலே இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. மழை கரைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். சேறு காய்ந்து சுருங்கியது ஒரு பங்கு. கரைந்தது ஒரு பங்கு. மற்றது எங்கே போயிற்றென்றால், நாம் இன்று சுவாசிக்கும் காற்றிற்குத்தான் போயிற்று. மைதானமோ தாழ்ந்தது. வலைக் கம்பங்களின் அடி துருப்பிடித்து முறிந்தது. ஐந்து ஆண்டு யாரும் அங்கே விளையாடவில்லை. அக்காலத்திலே ஒரு முதிய மீனவர், வலைக்குச் சாயமேற்றக் கண்டற்பட்டை அவித்த தலைமுறையைச் சேர்ந்தவர், நம்மைப் பார்த்து, "தம்பிமாரே, இறால் குஞ்சு பொரிக்கிற இடத்தை மூடுறியள்" என்றார். நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்றும் எமது காதில் இருக்கிறது.

இப்போது அதே காணிக்குப் பின்புறம், கரைப்பக்கமாக உள்ள உவர்த் தரையை நிரப்பி மைதானத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பதுதான் இன்றிரவுப் பிரேரணை. அங்கே கண்டல் இல்லை, வெறுந் தரைதானே, யாருக்கு நட்டம் என்று பிரேரணைக்காரர் கேட்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்பது நமக்கும் தெரிந்த குறை. ஆனால் இதைக் கேளுங்கள். 1901இலிருந்து 2018 வரை கடல்மட்டம் உலகச் சராசரியாக ஏறக்குறைய 20 சதமமீற்றர் உயர்ந்தது. முதலில் மெதுவாக, இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம். கண்டல் சும்மா நின்று மூழ்கிப்போகும் மரமன்று. தன் வேராலும், ஆறு கொண்டுவரும் வண்டலைப் பிடித்தும் தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். ஆயினும் கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் அதனால் ஈடுகொடுக்க இயலாது என்று பழங்காலக் கண்டற் படிவுகளை ஆராய்ந்தவர்கள் 2020இல் எழுதினார்கள். நம் குடாவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மகாவலி மலைநாட்டிலிருந்து மண்ணை அள்ளிவந்து கொட்டியாரக்குடாவிற் போட்ட காலம் ஒன்று இருந்தது. 1976இல் பொல்கொல்லையிலே ஆறு திருப்பப்பட்டது. பின்னர் கொத்மலை, விக்ரோறியா என்று அணைகள் எழுந்தன. வயலுக்கும் மின்சாரத்துக்கும் அவை வேண்டியவைதான். வண்டலிலே ஒரு பங்கு அவற்றின் அடியில் தங்கிவிடுகிறது. நமது பெருக்கு வற்றோ ஒரு மீற்றருக்கும் குறைந்தது. சிறு உயர்வுங்கூடக் கண்டலுக்குப் பெரிது.

தரையை உயர்த்த முடியாத கண்டலுக்கு ஒரே வழி, பின்வாங்குதல். விதை மிதந்துபோய்க் கரைப்பக்கத்து மேட்டிலே ஊன்றும்; பழைய மரம் முன்னே மூழ்க, இளமரம் பின்னே எழும்பும். அப்படிப் பின்வாங்குவதற்கு அதற்குள்ள இடம் எது? அந்த வெறும் உவர்த் தரைதான். சென்ற மாசியிலே நாம் போய்ப் பார்த்தோம். முழ உயரத்தில் கண்டற் கன்றுகள் அங்கே தாமாக ஊன்றியிருக்கின்றன. எண்ணிப் பார்த்தோம், நாற்பத்திரண்டு. அந்த இடத்தை நாம் மூடினால், கடல் முன்னாலும் நமது செம்மண் பின்னாலும் நின்று கண்டலை நெரிக்கும். சைபீரியாவில் ஐஸ் இளகுவதற்கும் நமது களப்பில் கண்டல் அழிவதற்கும் இடையிலே கடல் என்கிற ஒரு வாய்க்கால்தான் இருக்கிறது. அங்கே நடப்பதை நம்மால் நிறுத்த முடியாது. இந்த அரை ஏக்கரைப் பற்றி இன்றிரவு தீர்மானிக்கப்போகிறவர்கள் நாமே.

2015ஆம் ஆண்டிலே இலங்கையின் கண்டற் காடுகள் எல்லாவற்றையும் பாதுகாக்கும் திட்டம் தொடங்கியபோது உலகமெல்லாம் பாராட்டியது. அது மரம் நிற்கும் இடத்துக்கு. மரம் நாளைக்கு வரப்போகும் இடத்தை எந்தச் சட்டம் காக்கும் என்பது எமக்குச் சந்தேகமே.

பிரேரணையை எதிர்ப்பதோடு நின்றால் இளைஞர்களுக்கு அது நியாயமாகாது. ஆகவே நாம் இரண்டு காரியங்களைச் சபையின் முன் வைக்கிறோம். பழைய மைதானத்தைச் செப்பனிட்டு, துருப்பிடித்த கம்பங்களுக்குப் பதிலாகப் புதியவை நாட்டும் செலவிலே ஒரு பங்கை நாம் ஏற்கிறோம். அதற்குப் புதுக் காணி வேண்டியதில்லை. இரண்டாவது, மேலே சொன்ன கணக்கு. கண்டற் சேற்றிலே இரும்புக் குழாயை ஒரு மீற்றர் ஆழத்துக்கு இறக்கி, மண்ணைக் குலையாமல் எடுத்து, ஐந்து சதமமீற்றருக்கு ஒரு துண்டாக வெட்டி, அடுப்பில் 60 பாகையில் உலர்த்தி நிறுக்கவேண்டும். பின்னர் ஆய்வுகூட உலையில் 450 பாகையில் எரித்துத் திரும்ப நிறுக்கவேண்டும். குறைந்த எடையிலே ஏறக்குறைய பாதி காபன். உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. நிற்கும் கண்டலின் கீழ் மூன்று இடம், நாம் நிரப்பிய பழைய வரம்பில் மூன்று இடம், அந்த உவர்த் தரையில் மூன்று இடம்: ஒன்பது குழாய். முடிவை அடுத்த ஆண்டு மலரிலே, எம்முடைய பழைய குற்றத்தின் தொகை இவ்வளவு தொன் என்பது உட்பட, அச்சிடலாம்.

குழாய் ஒன்றைப் பட்டறையில் செய்வித்து வைத்திருக்கிறோம். வருகிற தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வற்று நேரம் பார்த்து இறங்குவோம். வர விரும்பும் தம்பி தங்கையர் பழைய உடுப்போடு வாருங்கள். செருப்பு வேண்டாம், சேறு அதைத் திருப்பித் தராது. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் செயலாளரிடம் தேநீர் நேரத்தில் கொடுக்கலாம்.